கிரயமும் கொடு, குத்தகையும் கட்டு!

“எந்த இயந்திரம் சிறந்த இயந்திரம்?”

இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு அமெரிக்காவில் சில ஆண்டுகளாகப் பெரிய பட்டிமன்றமே நடந்துவருகிறது. வீட்டை விட்டு வெளியே போகாமல் தேகப்பயிற்சி செய்வதற்கென்று விற்கப்படும் ‘ஸ்மார்ட்’ இயந்திரங்களைப் பற்றிய பட்டிமன்றம் அது. பெலட்டான் சைக்கிள் உசத்தியா, டோனல் உசத்தியா? மிரர் கண்ணாடி நல்லதா, எஷலான் மலிவா? திரை எத்தனை அங்குலம், எடை எத்தனை ராத்தல், பாடம் சொல்லும் வாத்தியார்கள் எத்தனை பேர் என்று பட்டியல் போட்டுப் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள்.

எல்லாவற்றையும் ஒப்பிடுகிற இந்தப் பண்டிதர்கள் ஒன்றை மட்டும் ஒப்பிட மறந்துவிடுகிறார்கள். விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்த பிறகு, அந்த இயந்திரம் யாருக்குச் சொந்தம்?

“மில்லிலும் வயலிலும் உடம்பை முறித்து உழைக்கிற நமக்கு, சீமான் வீட்டு விளையாட்டுச் சாமானைப் பற்றி என்ன கவலை?” என்று தோழர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நம் ஊர்க் கடைத்தெருவில் இந்தப் பெயர்கள் அவ்வளவாகக் கண்ணில் படுவதில்லை. ஆனால் சீமான் வீட்டுக் கூடத்தில் இன்று அமலில் இருக்கிற விதி அங்கேயே நின்றுவிடவில்லை. அது வயலுக்கும் வந்துவிட்டது. எப்படி என்பதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் சரக்கைப் பார்ப்போம்.

என்ன சரக்கு?

பெலட்டான் என்பது 2012-ல் நியூயார்க்கில் தொடங்கிய கம்பெனி. நகராத சைக்கிள் ஒன்று. அதன் முன்னால் ஒரு திரை. திரையில் ஒரு வாத்தியார் தோன்றி, “மிதி, இன்னும் வேகமாக மிதி” என்பார். வீட்டில் இருப்பவர் மிதிப்பார். அதே கம்பெனி டிரெட்மில்லும் விற்கிறது. அதாவது பட்டை கீழே ஓட, மனிதன் இருந்த இடத்திலேயே ஓடுகிற பொறி.

டோனல் என்பது சுவரில் மாட்டுகிற பெட்டி. 2018-ல் விற்பனைக்கு வந்தது. அதில் இரும்புக் குண்டு கிடையாது. மின்காந்த விசையால் கம்பி வடத்தை இழுத்துப் பிடிக்கும். மனிதன் எதிர்த்து இழுக்க வேண்டும். முதல் மாடல் 200 ராத்தல் வரை, அதாவது சுமார் 90 கிலோ வரை இழுக்கும். 2025 ஜனவரியில் வந்த இரண்டாம் மாடல் 250 ராத்தல் வரை இழுக்கும்.

மிரர் என்பது பெயருக்கு ஏற்றபடி ஒரு நிலைக்கண்ணாடி. அதுவும் 2018-ல் வந்தது. விலை 1,495 டாலர். கண்ணாடிக்குள் வாத்தியார் உருவம் தெரியும். பக்கத்திலேயே நம் உருவமும் தெரியும். அவரைப் பார்த்து நாம் செய்ய வேண்டும்.

எஷலான் என்பது பெலட்டானைப் போலவே சைக்கிள் செய்து, அதைவிட மலிவாக விற்கிற கம்பெனி.

இவற்றைச் செய்த எஞ்சினீயர்களின் திறமையை நாம் குறைத்துச் சொல்லவில்லை. குழந்தையை விட்டு வெளியே போக முடியாத தாய்க்கும், கால் ஊனமுற்றவருக்கும், வயோதிகருக்கும் வீட்டுக்குள்ளேயே ஒரு வாத்தியார் வருவது நல்லதுதான். இயந்திரத்தோடு நமக்குப் பகை இல்லை. இயந்திரத்தின் சாவியை யார் இடுப்பில் செருகிக்கொண்டிருக்கிறார்கள் என்பதே விவகாரம்.

இதோ கணக்கு!

பெலட்டான் கம்பெனி 2025 அக்டோபரில் புதிய விலைகளை அறிவித்தது. மலிவான சைக்கிள் 1,695 டாலர். அதோடு விஷயம் முடிந்ததா? இல்லை. மாதம் 49 டாலர் 99 சென்ட் சந்தா. இந்தச் சந்தா முன்பு சுமார் 39 டாலராக இருந்தது. 2022-ல் 44 டாலர் ஆயிற்று. பிறகு 50 டாலரைத் தொட்டது. சைக்கிள் அதே சைக்கிள். மிதிக்கிற கால் அதே கால். ஏறியது வாடகை மட்டும்.

ஐந்து வருஷத்துக்குச் சந்தா எவ்வளவு? ஏறத்தாழ 3,000 டாலர். சைக்கிளின் விலையைவிடச் சந்தா பெரிது! இரண்டும் சேர்ந்து 4,695 டாலர். டாலர் ஒன்றுக்கு 85 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், சுமார் 4 லட்சம் ரூபாய். எதற்கு? நின்ற இடத்திலேயே நிற்கிற ஒரு சைக்கிளுக்கு!

டோனல் இதைவிடப் பெரிய கை. இரண்டாம் மாடல் வந்தபோது அதன் விலை 4,295 டாலர். மாதச் சந்தா சுமார் 60 டாலர். ஐந்து வருஷத்தில் மொத்தம் 7,900 டாலர் வரை போகும். நம் பணத்தில் 6 லட்சத்து 70 ஆயிரம் ரூபாய்.

தஞ்சாவூர்ப் பக்கத்து விவசாயத் தொழிலாளியிடம் இந்தக் கணக்கைச் சொன்னால் அவர் என்ன கேட்பார்? “நிலத்தைக் கிரயம் எழுதி வாங்கியாயிற்று. பணமும் எண்ணிக் கொடுத்தாயிற்று. அப்புறம் பழைய மிராசுதாருக்கு வருஷா வருஷம் குத்தகை அளப்பது எதற்கு?” என்றுதான் கேட்பார். பள்ளிக்கூடம் போகாத மனிதருக்கும் புரிகிற இந்த நியாயம், ஒப்பிட்டு ஒப்பிட்டு எழுதுகிற பண்டிதர்களுக்கு ஏன் புரியவில்லை?

குத்தகை நின்றால் என்ன ஆகும்?

இந்த இயந்திரங்களை ஒப்பிட நாம் ஒரு தராசு தருகிறோம். சந்தாவை நிறுத்திவிட்டால் எது ஓடும், எது ஓடாது? இதுதான் தராசு.

மிரரை இதில் நிறுத்துங்கள். சந்தா நின்றால் வாத்தியார் மறைந்துவிடுவார். மிச்சம் இருப்பது முகம் பார்க்கிற கண்ணாடி. 1,495 டாலருக்கு ஒரு நிலைக்கண்ணாடி!

டோனலை நிறுத்துங்கள். வடத்தை இழுக்கலாம், விடலாம், அவ்வளவுதான். எதற்காக அவ்வளவு விலை வாங்கினார்களோ, அந்தப் பாடமும் கணக்கும் திட்டமும் போய்விடும்.

பெலட்டான் டிரெட்மில்லை நிறுத்துங்கள். இங்கேதான் சாயம் முழுவதும் வெளுத்தது. 2021 ஜூனில் என்ன நடந்தது? ‘டிரெட் பிளஸ்’ என்ற டிரெட்மில்லுக்குப் பாதுகாப்புக்காகப் பூட்டு போடுகிறோம் என்று சொல்லி, இரகசிய எண் கேட்கும் ஏற்பாட்டைக் கம்பெனி அனுப்பியது. அந்தப் பூட்டு சந்தாவோடு பிணைக்கப்பட்டிருந்தது. சந்தா கட்டாதவர்கள், பாடமே வேண்டாம், சும்மா ஓடினால் போதும் என்றாலும் ஓட முடியாமல் போயிற்று! 4,000 டாலருக்கு மேல் கொடுத்து வாங்கிய பொறியில், தன் சொந்தக் காலால் ஓட, மாதம் 40 டாலர் வாடகை! கூச்சல் கிளம்பிய பிறகு, “மூன்று மாதத்துக்குச் சந்தா வேண்டாம்” என்று கம்பெனி இறங்கிவந்தது. தன் சொந்தச் சாமானை மூன்று மாதம் இனாமாகப் பயன்படுத்திக்கொள்ள அனுமதி! என்ன தாராளம்!

எஷலானை நிறுத்துங்கள். மலிவு என்று பெயர் வாங்கியதாயிற்றே! 2025 ஜூலையில் அந்தக் கம்பெனி இயந்திரங்களுக்கு ஒரு மென்பொருள் மாற்றம் அனுப்பியது. அதன் பிறகு, இயந்திரத்தைப் போட்டவுடன் அது கம்பெனியின் சர்வரோடு பேசி உத்தரவு வாங்கினால்தான் ஒழுங்காக வேலை செய்யும் என்ற நிலை வந்தது. அதுவரை வேறு செயலிகளை இணைத்துச் சிக்கனமாக ஓட்டிவந்தவர்களின் வழியும் அடைபட்டது. வாங்கியபோது ஒரு பொருள். சில வருஷம் கழித்து, வீட்டில் இருந்தபடியே அது வேறு பொருள்! வாங்கியவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திருடன் சுவர் ஏறிக் குதிக்க வேண்டிய அவசியமில்லாத காலம் இது. கம்பி வழியாகவே வருகிறான்.

விற்கவாவது முடியுமா? முடியும். ஆனால் அங்கேயும் ஒரு சுங்கச்சாவடி. 2024 ஆகஸ்டில் பெலட்டான் ஒரு புதுக் கட்டணம் கொண்டுவந்தது. ஒருவர் தம்முடைய பழைய சைக்கிளை இன்னொருவருக்கு விற்றால், வாங்கியவர் அதைச் சந்தாவில் சேர்க்க 95 டாலர் தனியாகக் கட்ட வேண்டும். நம் ஊரில் பழைய சைக்கிளைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் விற்றால், சைக்கிள் செய்த கம்பெனிக்குத் தெண்டம் கட்டுகிறோமா?

ஆக, திரையும் அங்குலமும் ராத்தலும் வேறு வேறாக இருக்கலாம். விதி எல்லாவற்றுக்கும் ஒன்றுதான்: பணம் உன்னுடையது, சாவி என்னுடையது.

“வாத்தியார் சம்பளம் யார் கொடுப்பது?”

கம்பெனிகளுக்கு வக்காலத்து வாங்குகிறவர்கள் ஒரு வாதம் வைக்கிறார்கள். “தினமும் புதுப் பாடம் எடுக்கிறோம். வாத்தியாருக்குச் சம்பளம், பாட்டுக்கு உரிமைத் தொகை, சர்வருக்குச் செலவு எல்லாம் ஆகிறது. சந்தா வாங்காமல் எப்படி?” என்கிறார்கள்.

நேர்மையாகப் பதில் சொல்வோம். பாடத்துக்குக் கூலி கேட்பதை யாரும் எதிர்க்கவில்லை. பாடம் எடுக்கிறவரும் உழைப்பாளிதான். பத்திரிகைக்குச் சந்தா கட்டுகிறோம். கட்டாவிட்டால் அடுத்த இதழ் வராது. அது நியாயம். ஆனால் சந்தா கட்டவில்லை என்பதற்காக, ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கி அலமாரியில் வைத்த பழைய இதழை எவனாவது வந்து பூட்டிவிட்டுப் போகிறானா? பாடத்துக்கு விலை வேறு. பொறிக்குப் போடும் பூட்டு வேறு. இரண்டையும் ஒரே முடிச்சாகக் கட்டி, அவிழ்க்க முடியாது என்று காட்டுவதுதான் பித்தலாட்டம்.

அவிழ்க்க முடியும் என்பதற்குச் சாட்சி சந்தையிலேயே இருக்கிறது. ஸ்பீடியன்ஸ் என்ற சீனக் கம்பெனி, டோனலைப் போலவே மின்விசையால் எடை தருகிற இயந்திரத்தை, மாதச் சந்தா கட்டாயமில்லை என்று சொல்லியே விற்கிறது. அதுவும் லாபத்துக்காக நடக்கிற கம்பெனிதான், தர்மசாலை அல்ல. ஆனால் ஒன்று நிரூபணமாகிறது. வாடகை இல்லாமல் இயந்திரம் ஓடாது என்பது விஞ்ஞானத்தின் விதி அல்ல. அது கம்பெனியின் கல்லாப்பெட்டி விதி.

ஆண்டை விழுந்தால் பண்ணை என்ன ஆகும்?

இன்னொரு தராசும் உண்டு. கம்பெனி நொடித்தால் இயந்திரம் என்ன ஆகும்?

2020-ல் கொரோனா வந்தது. உலகம் வீட்டுக்குள் அடைபட்டது. தேகப்பயிற்சிச் சாலைகள் மூடப்பட்டன. இந்தக் கம்பெனிகளுக்கு அது பொற்காலம். 2019 செப்டம்பரில் 29 டாலருக்கு வெளியிட்ட பெலட்டான் ஷேர், 2021 ஜனவரியில் 160 டாலரைத் தாண்டியது. கம்பெனியின் மதிப்பு 5,000 கோடி டாலரை நெருங்கியது. யோகா உடுப்பு விற்கிற லுலுலெமன் கம்பெனி, 2020-ல் மிரரை 50 கோடி டாலர் கொடுத்து விழுங்கியது. மனிதர்கள் இனி என்றென்றைக்கும் வீட்டுக்குள்ளேயே அடைபட்டுக் கிடப்பார்கள் என்று இந்த மேதாவிகள் கணக்குப் போட்டார்கள்!

கதவு திறந்தது. ஜனங்கள் வெளியே வந்தார்கள். காற்று இறங்கிற்று. லுலுலெமன், தான் வாங்கிய மிரரின் மதிப்பில் 40 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் எழுதியது. 2023-ல் மிரர் விற்பனையையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. வாங்கிச் சுவரில் மாட்டியவர்கள் மாட்டிக்கொண்டவர்கள் ஆனார்கள். பெலட்டான் ஷேர் 2024 மே மாதத்தில் 4 டாலருக்கும் கீழே கிடந்தது.

இந்தச் சூதாட்டத்துக்குத் தண்டனை யாருக்கு? வழக்கம்போலத் தொழிலாளிக்குத்தான். 2022 பிப்ரவரியில் பெலட்டான் ஒரே வீச்சில் சுமார் 2,800 பேரை வேலையிலிருந்து விலக்கியது. ஒஹையோ மாநிலத்தில் 40 கோடி டாலரில் தொழிற்சாலை கட்டி, சுமார் 2,000 பேருக்கு வேலை தருவதாக 2021-ல் அறிவித்திருந்தார்கள். அதையும் அதே வேளையில் கைவிட்டார்கள். 2022 ஜூலையில் டோனலும் தன் ஊழியர்களில் 35 சதவீதம் பேரை வெளியே அனுப்பியது. 2024 மே மாதத்தில் பெலட்டான் மறுபடியும் சுமார் 400 பேரைத் தள்ளியது.

வெளியே அனுப்பியபோது பெலட்டான் ஒரு சன்மானமும் கொடுத்தது. என்ன தெரியுமா? விலக்கப்பட்ட தொழிலாளிகளுக்கு, செட்டில்மெண்டோடு சேர்த்து, பன்னிரண்டு மாதத்துக்கு இலவசச் சந்தா!

வேலை போய்விட்டதா? கவலைப்படாதே. வீட்டில் உட்கார்ந்து ஒரு வருஷம் சைக்கிள் மிதி! பதின்மூன்றாம் மாதம்? அன்றிலிருந்து, உன்னைத் துரத்திய கம்பெனிக்கே நீ வாடகை கட்டு! கதவடைப்பு செய்த மில் முதலாளி, வெளியே நிற்கிற தொழிலாளிக்குக் கேண்டீன் டோக்கன் கொடுத்த கதைதான் இது.

ஒரு குழந்தையின் உயிர்

இதுவரை பணக் கணக்கு. இனி உயிர்க் கணக்கு.

அதே ‘டிரெட் பிளஸ்’ டிரெட்மில்லின் பின்பக்கம், ஓடுகிற பட்டைக்கு அடியில் இழுக்கப்பட்டு ஆறு வயதுக் குழந்தை ஒன்று மாண்டது. வேறு பல குழந்தைகளும் அடிபட்டன. 2021 ஏப்ரலில் அமெரிக்க சர்க்காரின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம், குழந்தைகள் இருக்கும் வீட்டில் இதை ஓட்ட வேண்டாம் என்று பகிரங்கமாக எச்சரித்தது. கம்பெனி என்ன செய்தது? உடனே இயந்திரங்களைத் திரும்ப வாங்கியதா? இல்லை. ஆணையம் சொல்வது சரியல்ல, ஜனங்களைத் திசை திருப்புவது என்று மறுத்தது. சில வாரம் கழித்து, மே மாதத்தில்தான் சுமார் 1,25,000 இயந்திரங்களைத் திரும்பப் பெற ஒப்புக்கொண்டது. முதலிலேயே செய்யாதது தவறு என்று அதன் தலைவரே சொல்ல வேண்டிவந்தது. ஆபத்தை உரிய காலத்தில் தெரிவிக்கவில்லை என்பதற்காகவும், திரும்பப் பெற்ற ரகத்தில் சிலவற்றை அதன் பிறகும் வெளியே அனுப்பியதற்காகவும், 2023 ஜனவரியில் 1 கோடியே 90 லட்சம் டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

கவனியுங்கள். சந்தா கட்டாதவன் யார் என்பதைக் கம்பி வழியாக ஒரு நொடியில் கண்டுபிடிக்கிற கம்பெனி இது. குழந்தைக்கு ஆபத்து என்று ஆணையம் சொன்னால், ஒப்புக்கொள்ள வாரக் கணக்கில் ஆகிறது. கம்பெனியின் கண் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

உழைக்கிறவனுக்குப் பயிற்சி எதற்கு?

இங்கே ஒரு பழைய பேச்சுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். “கூலிக்காரனுக்கு எதற்கையா தேகப்பயிற்சி? அவன் வேலையே பயிற்சிதானே!” என்று கொழுத்த மனிதர்கள் சொல்வதுண்டு. நம்மவர்களில் சிலரும் அதை நம்புகிறார்கள். அது பொய்.

டென்மார்க்கின் கோபன்ஹேகன் நகரத்தில் சுமார் 1,04,000 பேரை வருஷக் கணக்கில் கவனித்து, ஆராய்ச்சியாளர்கள் 2021-ல் முடிவு வெளியிட்டார்கள். ஓய்வு நேரத்தில் விருப்பத்தோடு செய்கிற உடற்பயிற்சி, மாரடைப்பு முதலிய ஆபத்தைக் குறைக்கிறது. வேலைத்தலத்தில் செய்கிற கடும் உடலுழைப்போ அந்த ஆபத்து அதிகமாயிருப்பதோடு சேர்ந்தே காணப்படுகிறது. காரணம் என்னவாக இருக்கும்? பயிற்சி செய்கிறவன் அரைமணி ஓடுகிறான். பிறகு உட்கார்ந்து இளைப்பாறுகிறான். மில் தொழிலாளி ரிங் பிரேம்களுக்கு நடுவே ஷிப்ட் முழுவதும் நடக்கிறான். நாற்று நடுகிறவள் பொழுது முழுவதும் குனிந்த இடுப்பை நிமிர்த்துவதில்லை. ஓய்வில்லாத உழைப்பில் இருதயத்துக்கும் ஓய்வில்லை. இரத்த அழுத்தம் இறங்க நேரமில்லை.

ஆகவே தொழிலாளிக்கும் பயிற்சி வேண்டும். அதற்கு முன்னால் ஓய்வு வேண்டும். அதற்கு 4 லட்ச ரூபாய்ச் சைக்கிள் வேண்டுமா? உலக சுகாதார ஸ்தாபனம் 2020-ல் சொன்ன அளவு இதுதான்: வாரத்துக்கு 150 முதல் 300 நிமிஷம் மிதமான உடலசைவு, வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுவூட்டும் பயிற்சி. வேக நடை, தண்டால், பஸ்கி, கர்லாக்கட்டை என்று எதில் செய்தாலும் கணக்கு ஒன்றுதான். கர்லாக்கட்டை சர்வரிடம் உத்தரவு கேட்பதில்லை. தாத்தா சுழற்றியதைப் பேரன் சுழற்றினால் யாருக்கும் 95 டாலர் கட்ட வேண்டியதில்லை.

தொழிலாளிக்கு இல்லாமலிருப்பது இயந்திரம் அல்ல, நேரம். அந்த நேரத்தின் மீதும் கண் வைத்தார்கள். 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டசபையில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து எழுந்ததால் அது நிறுத்திவைக்கப்பட்டு, மே தினத்தன்று வாபஸ் அறிவிக்கப்பட்டது. அன்று காப்பாற்றப்பட்ட மணிகள்தாம் தொழிலாளியின் உண்மையான தேகப்பயிற்சிச் சாலை.

டிரெட்மில்லின் பூர்வீகத்தையும் ஒரு வரி தெரிந்துகொள்ளுங்கள். 1818-ல் இங்கிலாந்தில் வில்லியம் குபிட் என்ற எஞ்சினீயர் சிறைக் கைதிகளுக்காகவே ஒரு மிதிசக்கரத்தை அமைத்தார். கைதிகள் சுழலும் சக்கரத்தின் படிகளில் மணிக்கணக்காக ஏறிக்கொண்டே இருக்க வேண்டும். சில சிறைகளில் அது தானியம் அரைத்தது. சில சிறைகளில் வெறும் காற்றை அரைத்தது. அது கொடுமை என்று உணர்ந்து 1898-ம் வருஷச் சட்டத்துக்குப் பிறகு கைவிட்டார்கள். ஒன்று சொல்ல வேண்டும். அந்தக் கொடுஞ்சிறையில்கூட, மிதித்ததற்காகக் கைதியிடம் மாத வாடகை வசூலிக்கவில்லை!

கூடத்திலிருந்து வயலுக்கு

முதலில் சொன்ன விஷயத்துக்கு வருவோம். இந்தச் சாவி வித்தை சீமான் வீட்டுக் கூடத்தோடு நிற்கவில்லை. அமெரிக்காவில் ஜான் டீர் கம்பெனியின் டிராக்டர்களைப் பாருங்கள். டிராக்டருக்குள் மென்பொருள்; பழுது பார்க்கத் தேவையான முழு மென்பொருளும் கம்பெனி டீலர்களின் கையில். அறுவடை நேரத்தில் வண்டி நின்றால், ஸ்பானர் பிடிக்கத் தெரிந்த விவசாயியும் டீலர் வரும்வரை கைகட்டி நிற்க வேண்டும். இந்த ஏகபோகத்தை எதிர்த்து விவசாயிகள் வருஷக்கணக்கில் போராடினார்கள். கொலராடோ மாநிலம் 2023-ல், விவசாய இயந்திரங்களைப் பழுது பார்க்கும் உரிமைக்குச் சட்டம் இயற்றியது. 2025 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமே அந்தக் கம்பெனி மீது வழக்குத் தொடுத்தது.

சைக்கிளில் ஆடுகிற ஆட்டமும் டிராக்டரில் ஆடுகிற ஆட்டமும் ஒன்றே என்பது இப்போது தெரிகிறதல்லவா? இன்று டிராக்டர். நாளை தண்ணீர் இறைக்கும் பம்புசெட்டுக்கும், நெல் அறுக்கும் இயந்திரத்துக்கும், விசைத்தறிக்கும் இதே பூட்டு வராது என்று யார் உத்தரவாதம் தருவது?

இந்தியாவில் என்ன நிலை? பழுது பார்க்கும் உரிமைக்கென்று மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. விவசாயக் கருவிகளும் அதன் வரம்பில் உண்டு. அந்த வருஷம் டிசம்பரில் ஓர் இணையதளமும் திறந்தார்கள். நல்லது. ஆனால் இணையதளம் சட்டமாகாது. தகவல் பலகை தொங்கவிட்டால் பூட்டு திறந்துவிடாது.

கேட்க வேண்டியவை

இனி எவனாவது தவணைமுறையில் ஒரு ‘ஸ்மார்ட்’ சாமானைக் கொண்டுவந்து நீட்டினால், அது சைக்கிளானாலும் பம்புசெட்டானாலும், திரை எத்தனை அங்குலம் என்று கேட்காதீர்கள். இதைக் கேளுங்கள்: மாதப் பணத்தை நிறுத்தினால் இது ஓடுமா? இண்டர்நெட் இல்லாவிட்டால் ஓடுமா? எங்கள் ஊர் மெக்கானிக் இதைப் பிரித்துப் பார்க்க முடியுமா? நான் இன்னொருவருக்கு விற்றால் கம்பெனி குறுக்கே வருமா? கம்பெனி மூடிவிட்டால் இது இயந்திரமா, பழைய இரும்பா?

ஐந்துக்கும் நேரான பதில் வரவில்லையென்றால், அவன் விற்க வந்தவன் அல்ல. குத்தகைக்கு விட வந்தவன்.

சர்க்காரிடம் கேட்க வேண்டியதும் தெளிவு. விற்ற பொருள் வாங்கியவனுக்கே முழுச் சொந்தம் என்று சட்டம் செய். சந்தா நின்றாலும் பொறியின் அடிப்படை வேலை நிற்கக் கூடாது என்று விதி போடு. விற்ற பிறகு வாங்கியவனின் சம்மதமில்லாமல் பொருளை மாற்றுவதைக் குற்றமாக்கு. பழுது பார்க்கும் சாதனத்தையும் உதிரி பாகத்தையும் எல்லா மெக்கானிக்குகளுக்கும் நியாய விலையில் கொடுக்கச் செய். ஒவ்வொரு பஞ்சாயத்திலும், ஒவ்வொரு தொழிலாளர் குடியிருப்பிலும் காசில்லாமல் நுழையக்கூடிய தேகப்பயிற்சிச் சாலையும் விளையாட்டு மைதானமும் அமை.

குத்தகைக் கொடுமை என்றால் என்ன என்று நமக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. மரக்கால் போய் மென்பொருள் வந்திருக்கிறது. களம் போய்த் திரை வந்திருக்கிறது. அளந்து கொண்டுபோகிற கை அதே கை. அந்தக் கையைத் தஞ்சை மண்ணில் அடையாளம் கண்டவர்கள் திரைக்குப் பின்னாலும் அடையாளம் காண்பார்கள்.

கிரயம் கொடுத்தவனுக்கே சாவி! அதற்குக் குறைந்த எதற்கும் ஒப்பமாட்டோம்!